இடது பெட்டி, வலது பெட்டி

பங்கு பிரித்த அன்று உமாதேவி செய்த ஒரே தப்பு, வாயைத் திறந்ததுதான்.

மலேசியாவில் பத்து பாகாட் ஊரில் இருந்த பழைய வீட்டை விற்றாகிவிட்டது. பெற்ற ஆத்தாவின் முதல் திவசம் முடிந்த கையோடு வீட்டுச் சாமான்களையெல்லாம் கூடத்தில் பரப்பிவிட்டார்கள். செட்டியார் வீட்டு வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. அண்ணன் அழகு ஒரு புள்ளி, தம்பி செல்வா ஒரு புள்ளி. இருக்கிற எதுவும் சரிபாதி. நடுவில் பிறந்த உமாதேவி எந்தக் கணக்கிலும் இல்லை. அவளுக்குக் கல்யாணத்திலேயே சீர் செய்து அனுப்பியாகிவிட்டது. அன்றைக்கு அவள் வந்தது எல்லோருக்கும் காபி கலந்து கொடுக்கத்தான்.

பித்தளை அண்டா ஆளுக்கொன்று போயிற்று. வெள்ளித் தட்டு ஆளுக்குப் பாதி போயிற்று. கரண்டிகள் ஒற்றைப்படையில் வந்து நின்றபோது கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு மிஞ்சிய கரண்டியைக் கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. அவ்வளவு நியாயவான்கள்.

கடைசியில் அப்பச்சியின் பாட்டுச் செட்டு வந்தது. அப்பச்சி, அதாவது அப்பா தேனப்பன், ஊரில் காகிதக்கடை வைத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார். அவருடைய ஒரே ஆடம்பரம் அந்தச் செட்டு: கனத்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. ஆம்ப்ளிஃபயர் ஒன்றுதான் என்பதால் அதை அறுக்க வழியில்லை. அப்பச்சியும் ஒன்றுதான், அவரையும் அறுக்க வழியில்லை. ஆகவே இரண்டு மாதம் அண்ணன் வீடு, இரண்டு மாதம் தம்பி வீடு என்று அப்பச்சி மாறி மாறிப் போவார், ஆம்ப்ளிஃபயர் அவரோடு போகும் என்று தீர்ப்பாயிற்று. ஸ்பீக்கர்தான் இரண்டு இருக்கிறதே. இடது பெட்டி அழகுக்கு, வலது பெட்டி செல்வாவுக்கு.

காபித் தட்டோடு நின்ற உமாதேவியால் அடக்க முடியவில்லை. "அண்ணே, அது ஜோடி. பிரிச்சா பாட்டு வராது" என்றாள்.

"வராம எங்க போகும்? ஒரு பெட்டியிலயும் சத்தம் வரும் லா" என்றான் அழகு.

"அண்டாகூட ஜோடியாத்தான் இருந்துச்சு ஆச்சி" என்று சிரித்தான் செல்வா. அக்காவை ஆச்சி என்பது அவர்கள் வீட்டு வழக்கம். "ஆளுக்கொண்ணு எடுத்துக்கல? அப்ப நீ ஒண்ணும் சொல்லலையே."

அழகின் மனைவி ராமலட்சுமி தன் பங்குப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டே, "பங்குல உமாவுக்கு என்ன பேச்சு?" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். அதற்கு மேல் பேசினால் தனக்கு ஏதோ வேண்டும் என்று பேசுவதாக ஆகும். உமாதேவி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பச்சி சுவரோரம் உட்கார்ந்து, பெட்டிகளின் பின்னாலிருந்து ஒயரைக் கழற்றி அழகாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தேனப்பன் பாதிப் பாட்டு கேட்கிறவர் ஆனார்.

இது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. அவருக்கு உயிரான மங்கள வாத்தியப் பதிவு ஒன்று உண்டு. ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்தில் எடுத்தது. வித்தையைக் காட்ட வேண்டும் என்று நாதஸ்வரத்தை முழுக்க இடது பக்கமும் தவிலை முழுக்க வலது பக்கமும் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தால் கல்யாண வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இப்போது கெலாங் பாத்தாவில் அழகு வீட்டில் இரண்டு மாதம் நாதஸ்வரம் மட்டும் ஒற்றையாக அழும். பண்டார் தெங்காராவில் செல்வா வீட்டில் இரண்டு மாதம் தவில் மட்டும் வாங்கு வாங்கென்று வாங்கும். செல்வாவின் பிள்ளைகள், "ஐயாவுக்கு யாரோ கதவத் தட்டுற பாட்டுதான் பிடிக்கும்" என்று கேலி செய்தார்கள்.

இடம் மாறும் நாளில் ஆம்ப்ளிஃபயர் காரின் முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு போகும். அப்பச்சி பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் செம்பனைத் தோட்டத்தைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு போவார். போய் இறங்கியதும் துணிமணியைக்கூட எடுத்து வைக்கமாட்டார். முதல் வேலை ஒயர் மாட்டுவது. சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுவார். வால்யூமை அடிமட்டத்துக்குத் திருப்புவார். ஒயர் முனையில் செம்புக் கம்பிகளை ஒரு முடிகூடப் பிரிந்து நிற்காதபடி முறுக்குவார். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. மாட்டியபின் லேசாக இழுத்துப் பார்ப்பார். ஒரு கம்பி தப்பிப் பக்கத்துக் கம்பியைத் தொட்டாலும் மெஷின் வெந்துவிடும் என்பார். சின்ன வயதில் பெட்டிக்குப் பின்னால் அவருக்கு டார்ச் பிடித்தவள் உமாதேவிதான். மகன்கள் அந்த நேரத்தில் பந்து விளையாடப் போயிருப்பார்கள்.

அவள் ஒருமுறை கேட்டாள். "செல்வா வீட்டுல இருக்கிறப்ப ஒயர இடது ஓட்டையில மாட்டிக்குங்களேன் அப்பச்சி. நாதஸ்வரமாச்சும் கேக்கும்."

"மாட்டலாம். அப்ப தவில் போயிரும்" என்றார். "ரெண்டையும் ஒண்ணாக்குற பொத்தான் சில மெஷின்ல இருக்கும். இதுல இல்ல ஆத்தா." பிறகு, கேட்காததற்கும் சேர்த்து, "ஒரே ஒரு தடவ ரெண்டையும் ஒண்ணா கேட்டுட்டா போதும்" என்றார். அவர் வாய்விட்டு எதையும் கேட்டு உமாதேவி அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை. அழகுக்குப் போன் செய்தாள்.

"ஒரு பெட்டிதானே அண்ணே? ஒரு வாரம் செல்வா வீட்டுல இருக்கட்டும்."

"நான் வேணாம்னா சொன்னேன்? அவன் பெட்டிய இங்க அனுப்பச் சொல்லு. ஏன், என் பெட்டிதான் ஊர் சுத்தணுமா?"

செல்வாவுக்குப் போன் செய்தாள். "ஐயோ அலமாக், எனக்கு ஒண்ணும் இல்ல லா ஆச்சி. அண்ணன் முதல்ல குடுக்கட்டும், நான் மறுநாளே குடுத்துடுறேன். போன பெட்டி திரும்பி வருமா, அதச் சொல்லு."

இரண்டு பேரும் தங்கமான பிள்ளைகள். இரண்டு பேருக்கும் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை. மற்றவன் முதலில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அப்ப அப்பச்சி என் வீட்டுக்கு வரட்டும், ரெண்டு பெட்டியையும் நானே வந்து எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று உமாதேவி சொல்லிப் பார்த்தாள். அதற்கு மட்டும் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். ஆம்பளப் பிள்ளை இரண்டு பேர் இருக்கையில் அப்பச்சி மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் கோயிலில் நாளைக்கு எப்படித் தலை நிமிர்வது? இந்த ஒற்றுமையை அந்தப் பாழாய்ப்போன பெட்டியில் காட்டியிருக்கலாம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அவள் ஓயாமல் கேட்டதில் அழகுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லை தாண்டி சிங்கப்பூர் துவாஸில் சாமான் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை செய்பவன் அவன். எதற்கும் சட்டென்று ஒரு வழி வைத்திருப்பான். தம்பியிடம் பெட்டி கேட்டுப் போகாமலே காரியத்தை முடிக்க அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆம்ப்ளிஃபயரின் இடது பக்கத்து ஒயரையும் வலது பக்கத்து ஒயரையும் ஒன்றாக முறுக்கி, தன் ஒரே பெட்டியில் விட்டால் என்ன?

அப்பச்சியிடம் சொல்லியிருக்கிறான். அவர் பதறிப்போய், "வேணாம்பா. ஒரு பக்கம் தள்ளுறத இன்னொரு பக்கம் வாங்கித் தலையில போட்டுக்கும். மெஷின் தாங்காது. ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு தொடவே கூடாது" என்று சொல்லியிருக்கிறார். வயசானவர் எதற்கும் பயப்படுவார் என்று அழகு விட்டுவிட்டான். அதாவது, விட்ட மாதிரி இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உமாதேவியின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அழகு அனுப்பியிருந்தான். கெலாங் பாத்தா வீட்டுக் கூடம். ஒரே பெட்டியிலிருந்து நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. கரகரவென்று, கொஞ்சம் மூச்சடைத்த மாதிரி இருந்தாலும் இரண்டும் வந்தன. அழகின் குரல், "பாத்தியா உமா? ஒரே பெட்டியில ரெண்டும் வருது. இனிமே ஜோடி கீடின்னு எனக்குப் போன் போடாத" என்றது.

அப்போது குளியலறைக் கதவு திறந்து அப்பச்சி வெளியே வந்தார். இடுப்பில் துண்டு, தலையில் ஈரம். கூடத்து வாசலில் அப்படியே நின்றுவிட்டார். உமாதேவி அந்த இடத்தை எத்தனை முறை திரும்பப் போட்டுப் பார்த்தாளோ அவளுக்கே தெரியாது. அவர் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். பந்தி போட்ட வீட்டுக்குள் நுழைகிற பிள்ளைக்கு வருமே, அந்தச் சந்தோஷம். வாய் லேசாகத் திறந்து, தொடையில் ஒரு விரல் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. "அழகு, அணைடா!" என்று கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். சத்தம் பட்டென்று நின்றது. "என்ன கருகுது?" என்று ராமலட்சுமி அடுப்படியிலிருந்து கேட்பதோடு வீடியோ முடிந்துவிட்டது. அப்பச்சிதான் அணைத்தார் என்று நினைத்து, கடைசி வரை பார்க்காமலே அனுப்பியிருந்தான் அண்ணன்.

ரிப்பேர் கடையில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே வெந்துபோன பாகம் இப்போது வருவதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அழகு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தான். மாதுளம்பழம் அளவு இருக்கும். அப்பச்சி நன்றி சொல்லி வாங்கி, ஜன்னலோரம் வைத்து, அதன்மேல் தன் துண்டைக் காயப்போட்டார். அதற்குப்பிறகு அவர் பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவார், போதுமென்றால் எழுந்துபோவார். உமாதேவி போனில், "உங்களுக்கு ஒண்ணும் வேணாமா அப்பச்சி?" என்று கேட்டால், "எல்லாம் சௌகரியமா இருக்கு ஆத்தா" என்பார். அந்தச் சௌகரியம் என்ற வார்த்தை அவளைக் குத்தியது. அவள் பிடிவாதம் பிடித்துக் கேட்டதால்தானே அண்ணன் அதைத் தொட்டான் என்ற எண்ணம் வேறு.

வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை வந்தது. இரண்டு மகன்களின் குடும்பமும் சேர்ந்து வெளிநாட்டுக்குச் சுற்றுலா புறப்பட்டது. வயசானவரை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக முடியுமா? அப்போது கோயிலும் குறுக்கே நிற்கவில்லை, தலை நிமிர்வதும் குறுக்கே நிற்கவில்லை. "நாங்க வர்ற வரைக்கும் நீ பாத்துக்க உமா" என்று அப்பச்சியைக் கொண்டுவந்து பத்து பாகாட்டில் அவள் வீட்டில் இறக்கினார்கள். இறக்கும்போது அழகின் கார் டிக்கியிலிருந்து இடது பெட்டியும் இறங்கியது.

"இதையும் வச்சுக்க. மெஷினே இல்லாம இது என்னத்துக்கு? வீட்டுல இடத்த அடைக்குது" என்றான்.

செல்வாவும் வலது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "என்னோடதும் ஆச்சி. பிள்ளைங்க மேல ஏறி விளையாடுதுங்க. வேணாம்னா தூக்கிப் போட்டுரு."

இத்தனை வருடம் யார் முதலில் கொடுப்பது என்று மல்லுக்கு நின்ற பெட்டிகள் ஒரே மத்தியானத்தில் அவள் கார் நிறுத்துமிடத்தில் வந்து சேர்ந்துவிட்டன. மெஷின் எரிந்த பிறகு.

உமாதேவியின் புருஷன் சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். அவனைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் மறுநாளே டவுனில் பழைய மின்சாமான் விற்கும் சீனர் கடைக்குப் போனாள். பெட்டிகளின் முதுகில் எட்டு ஓம் என்று மின்தடை அளவு எழுதியிருந்ததைப் படமெடுத்துப் போய்க் காட்டி, அதற்குத் தோதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தாள். அப்பச்சி அதைச் சுற்றிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் மாட்டுறேன். நீங்க பாத்துக்கிட்டு இருங்க" என்றாள்.

பிளக்கை உருவினாள். வால்யூமை அடியில் வைத்தாள். பிளாஸ்டிக்கை நகத்தளவு சீவி, கம்பிகளை முறுக்கினாள். "அந்தப் பக்கம் ஒரு முடி நிக்குது பாரு" என்றார் அவர். திரும்ப முறுக்கினாள். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. இடது பெட்டி இடது பக்கத்துக்கு, வலது பெட்டி வலது பக்கத்துக்கு. இழுத்துப் பார்த்தாள். அவரும் எழுந்துவந்து குனிந்து, தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இரண்டு பெட்டிக்கும் நேர் நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உமாதேவி சுவிட்சைப் போட்டு, அந்தப் பழைய பதிவை ஓடவிட்டு, வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள்.

நாதஸ்வரம் இடது பக்கம் எழுந்தது. தவில் வலது பக்கத்திலிருந்து வந்து அதைத் தாங்கியது. அப்பச்சி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. உமாதேவிக்கும் அழுகை வந்தது. வீட்டில் ஆத்தா போனபோதுகூட அவள் இப்படி வாய்விட்டு அழவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் அவள் இரண்டாம் முறை அதே தப்பைச் செய்தாள். அப்பச்சி நடுவில் உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் பெட்டிகள் பாடுவதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள்.

பாட்டு முடிவதற்குள் அழகிடமிருந்து பதில் வந்தது. 'சூப்பர் உமா. மெஷின் வாங்கிட்டியா? ரொம்ப நல்லது. வந்ததும் அப்பச்சியையும் மெஷினையும் என் பெட்டியையும் ஏத்திக்கிட்டுப் போறேன். அடுத்து என் முறைதான்.'

அதன் கீழேயே செல்வா எழுதியிருந்தான். 'என் பெட்டியும் பத்திரம் ஆச்சி. நான் வந்து எடுத்துக்கிறேன்.' கூடவே கைகூப்பும் படம் ஒன்று.

"என்ன ஆத்தா?" என்றார் அப்பச்சி. கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல அப்பச்சி."

"படி."

படித்தாள். "குடுக்கமாட்டேன். தூக்கிப் போடச் சொன்னவனுங்க இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவானுங்க? வரட்டும், வாசல்லயே வச்சு நாலு கேள்வி கேக்குறேன். நீங்களும் போக வேணாம். இங்கயே இருங்க" என்று அழகுக்குப் போன் போடப் போனாள்.

"வை" என்றார். அதட்டவில்லை. "சண்டை போடுறது நீ. அங்க போய் இருக்கப் போறது நான்."

அவள் போனை வைத்தாள். அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது. அப்பச்சி கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு வலது பெட்டியைக் கையால் காட்டினார்.

"அதக் கழட்டிடு ஆத்தா."

"ஏன் அப்பச்சி? சரியா கேக்கலையா?"

"நல்லாத்தான் கேக்குது. அதான் சொல்றேன். அடுத்தது அழகு வீடு. ஒண்ணுதான் இருக்கும். இத ரொம்பக் கேட்டுப் பழகிட்டேன்னா அங்க போய் உக்கார முடியாது."

உமாதேவி அசையாமல் நின்றாள். அவர் மறுபடியும் கையைக் காட்டினார். "முதல்ல அணைச்சுட்டு."

அவள் வால்யூமை இறக்கினாள். சுவிட்சை அணைத்தாள், பிளக்கை உருவினாள். பின்னால் குனிந்து வலது பக்கத்து ஒயர்களைக் கழற்றி, சிவப்பு தனியாகவும் கறுப்பு தனியாகவும் ஒன்றையொன்று தொடாதபடி கறுப்பு டேப்பைச் சுற்றினாள். கண் மறைத்ததால் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் நிமிர்ந்தபோது, அப்பச்சி நடுவிலிருந்த நாற்காலியைத் தானே இழுத்து இடது பெட்டியின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, போடச் சொல்லிக் காத்திருந்தார்.